கம்பம் பள்ளத்தாக்கில் மைக் வந்த கதை



மலர்க் குழுவிலிருந்து ஒரு மாலைப் பொழுதில் தொலைபேசி வந்தது. "அண்ணே, நம்ம மாணவர் இசைக்குழுவுக்குச் சங்கத்தின் சார்பா ரெண்டு கார்ட்லெஸ் மைக் வாங்கித் தரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். பிள்ளைங்க இப்ப வெளியூர்க் கச்சேரிக்கெல்லாம் போறாய்ங்க. எதை வாங்குறதுன்னு நீங்கதான் சொல்லணும். அப்படியே மலருக்கும் ஒரு கட்டுரை எழுதிக் குடுத்துருங்க" என்றார் செயற்குழுவில் இருக்கும் தம்பி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற வித்தை அவருக்கு மாணவப் பருவத்திலேயே கைவந்தது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1977 முதல் 1980 வரை நான் நம் கல்லூரியில் இயற்பியல் படித்தேன் என்பது சிலருக்கு மறந்திருக்கலாம். கல்லூரி ஆர்கெஸ்ட்ராவுக்கு மைக் செட் பார்த்தவன் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். சின்னமனூரில் என் தாய்மாமன் மைக் செட் வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க எனக்கு அவரோடுதான் பொழுது போகும். பிற்பாடு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனாலும் கல்யாண வீட்டில் மைக் கூவினால் எழுந்து போய்ச் சரி செய்யாமல் என்னால் சாப்பிட முடியாது. இது என் வீட்டம்மாவின் நிரந்தரக் குறை.

'இன்னது வாங்குங்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மைக்கைத் தேர்ந்தெடுப்பதென்றால், அந்தக் குரல் எதை ஜெயித்தாக வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். நம் பள்ளத்தாக்கில் குரல் எதையெல்லாம் ஜெயித்து வந்திருக்கிறது என்பது ஒரு கதை. அதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் இந்த மலரிலேயே எழுதிவிடுவதென்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்டையே துணை

நம் ஊர் அமைப்பைப் பாருங்கள். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறு பாயும் வாய்க்கால் மாதிரி ஒரு நிலம். ஆனி, ஆடி பிறந்தால் தென்மேற்குக் காற்று மலையிறங்கி இந்த வாய்க்காலுக்குள் புகுந்து அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் பாடுகிறவன் குரல் எம்மாத்திரம்? மேற்கே பார்த்துப் பாடினால் பாட்டு பாடியவனின் வாய்க்கே திரும்பி வரும் என்பார்கள் பெரியவர்கள்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் திருவிழா என்றால் நாடகம்தான். மதுரையை மையமாகக் கொண்டு இயங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ஸ்பெஷல் நாடகமாக நம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடந்தன. திறந்த வெளி. ஆயிரம் பேர். ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், அதற்குமேல் நடிகரின் தொண்டை. கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் கேட்டாக வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றவர்களின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்கும் இன்றைய பிள்ளைகள், "ஏன் சார் இவ்வளவு உச்சத்துல பாடுறாங்க?" என்று கேட்கிறார்கள். உச்சத்தில் பாடினால்தான் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிப் போகும். எடுப்பான சுருதி என்பது ரசனையாக இருந்தது. கூடவே பிழைப்பாகவும் இருந்தது. கிட்டப்பா 1933-இல் மறைந்தார். மைக் பரவலாகத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். அதற்குப் பிறகு வந்த பாடகர்கள் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டார்கள். காதோரம் பேசுகிற மாதிரி பாடினாலும் கேட்கும் என்று ஆனபின் யாருக்குத்தான் கத்த மனம் வரும்?

குழாய் கட்டிய காலம்

சுதந்திரப் போராட்டக் கூட்டங்களின் பழைய புகைப்படங்களில் காந்தியடிகளுக்கு முன்னாலும் நேருவுக்கு முன்னாலும் உள்ள மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கம்பெனி என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அது சிந்து மாகாணத்துச் சுக்கூரில் 1909-இல் தொழில் தொடங்கிய மோட்வானி குடும்பத்தாருடையது. பிறகு 1940-இல் டெல்லியில் அகுஜா கம்பெனி வந்தது. நம் பக்கத்து மைக் செட் கடைகளில் பிற்காலத்தில் 'அகுஜா' என்பது கம்பெனியின் பெயராக இல்லாமல் ஆம்ப்ளிஃபயரின் பெயராகவே ஆகிவிட்டது.

கிராமங்களுக்கு மின்சாரம் பெருமளவில் வந்தது காமராசர் ஆட்சிக் காலத்தில். லோயர்கேம்ப் பெரியாறு மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் 1950-களின் இறுதியில்தான். அதற்கு முன் மைக் செட் என்றால் கார் பாட்டரி. மாமா ஆரம்பத்தில் வாடகைச் சைக்கிளில் பாட்டரியைக் கட்டிக்கொண்டு போவாராம். புளியமரத்தில் ஏறி இரண்டு குழாய் கட்டுவார்கள், ஒன்று ஊரைப் பார்த்து, இன்னொன்று பக்கத்து ஊரைப் பார்த்து. பக்கத்து ஊருக்குக் கேட்கவில்லை என்றால் அது திருவிழாவே இல்லை! "ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன் டூ த்ரீ" என்ற குரல் வந்ததும் தெருப் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் மைக் செட்காரருக்கு இருந்த மரியாதை பூசாரிக்குக்கூட இருந்திருக்காது.

இந்தக் குழாய் வழியாகத்தான் நம் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய பாட்டுக்கதை தொடங்கியது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வந்தார். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தொகுதி நிறையத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். பாவலர் மலையேறிப் போய் அவர்களிடையே பாடினார். கட்சி வென்றது. அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டென்று முதலமைச்சர் இ. எம். எஸ். நம்பூதிரிபாடே பாராட்டியதாக நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அண்ணனோடு அப்படி ஊர் ஊராகப் போன தம்பிகளில் ஒருவர்தான் 1943-இல் பிறந்த இளையராஜா. பதினான்கு, பதினைந்து வயதில் கட்சி மேடையில் நின்று பாடிய பையன், 1976-இல் 'அன்னக்கிளி' வழியாகத் தமிழ்நாட்டு டீக்கடை ரேடியோக்களையெல்லாம் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் ஆர்கெஸ்ட்ரா எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கிதாரைத் தலைகீழாகப் பிடிப்பவன்கூடத் தன்னைப் பண்ணைப்புரத்துக்காரன் என்று சொல்லிக்கொண்ட காலம் அது.

தீக்குச்சி

எங்களிடம் மொத்தம் நான்கு மைக். ஆர்மோனியத்துக்கு ஒன்று, தபலாவுக்கும் டிரிபிள் காங்கோவுக்கும் சேர்த்து ஒன்று, பாடுகிறவர்களுக்கு இரண்டு. டூயட் பாட்டில் இருவரும் ஆளுக்கொரு மைக்கின் முன் ஆணி அடித்தமாதிரி நிற்க வேண்டும். அசைந்தால் வயர் தடுக்கும், ஸ்டாண்ட் சாயும், குழாய் ஊளையிடும். எங்கள் பாடகன் தேவாரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவான். கிதாரும் வாசிப்பான், பாடவும் செய்வான். அவன் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டான். எங்கள் செட்டுக்காரர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

1979, பங்குனி மாதம். சின்னமனூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பொங்கல் விழா. மைக் செட்டுக்கு எதிர் வீட்டிலிருந்து கரண்ட். மாமா வழக்கம்போல் தரையில் இரும்புக் கம்பி அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஆம்ப்ளிஃபயருக்கு முறையாக எர்த் கொடுத்துவிட்டார். கிதார்ப் பெட்டிக்குக் கோயில் லைன். அங்கே இருந்த பிளக் பாயின்ட்டில் எங்கள் மூன்று முள் பிளக் நுழையவில்லை. கச்சேரிக்கு நேரமாகிவிட்டது, கூட்டம் கை தட்டிக் கூப்பிடுகிறது. பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வயரின் நுனியைச் சீவி ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சி செருகினேன். மூன்றாவதாகப் பச்சை வயர் ஒன்று தொங்கியது. எர்த். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கத்தியால் வெட்டி எறிந்தேன். இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்!

மூன்றாவது பாட்டின்போது தூறல் விழுந்தது. அந்தப் பழைய பெட்டிக்குள் எங்கோ கரண்ட் கசிந்து தகரத்துக்கு வந்திருக்கிறது. எர்த் வயர் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், கதை அதோடு முடிந்திருக்கும். அது இல்லாததால் கரண்ட் கிதார்க் கம்பிகள்வரை வந்து காத்திருந்தது. மைக்கோ எர்த் ஆகியிருக்கிறது. இடது கை கிதார்க் கம்பியில் இருக்க, அவன் வலது கையால் மைக்கைப் பிடித்தான். பிடித்த கை விடவில்லை. பாட்டு நின்று, குழாயில் ஒரு உறுமல் கேட்டது. மாமா ஓடிப் போய் மர பெஞ்சால் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார்.

பிழைத்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல்கள் பழையபடி மடங்கவே இல்லை. கிதார் அன்றோடு போயிற்று. மூன்றாம் ஆண்டு முழுவதும் பாடினான், மைக்கின் மேல் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு விரல்கூடப் படாமல். படிப்பு முடிந்ததும் பாட்டையும் விட்டுவிட்டான். அந்தக் காலத்து மேடைப் பாடகர்கள் பலர் மைக்கைக் கர்ச்சீப்பால் சுற்றுவதை ஸ்டைல் என்று நினைத்துப் பலர் காப்பியடித்தார்கள். அதற்குள் இருந்த பயம் மைக் செட்காரர்களுக்குத்தான் தெரியும். நம் நாட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. 1972 மே 3-ஆம் தேதி இங்கிலாந்து நாட்டை அடுத்த வேல்ஸில், ஸ்வான்சீ நகரத்து மேடையொன்றில், லெஸ் ஹார்வி என்ற ராக் இசைக் கிதார்க் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு ரசிகர்களின் கண்ணெதிரிலேயே உயிரிழந்தார்.

வயர் இல்லாத மைக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும், 'ஆடிக்கொண்டே பாடலாம்' என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு முதலில் தோன்றுவது வேறு.

வயர் அறுந்த வரலாறு

அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 1953-இலேயே 'வேகபாண்ட்' என்ற பெயரில் வயர் இல்லாத மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வால்வுகள் இருந்ததால் பாட்டரியைத் தின்றது, சிறிய வட்டத்துக்குள்தான் வேலையும் செய்தது. 1957-இல் ஜெர்மனியில் சென்ஹைசர் கம்பெனி 'மைக்ரோபோர்ட்' என்பதைத் தொலைக்காட்சி நிலையத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பாடகர்களுக்கு நம்பிக்கை வந்தது 1970-களில், அனுப்பும் முன் ஒலியை அமுக்கிச் சுருக்கி, வாங்கிய பின் விரிக்கும் முறை வந்தபிறகுதான். மழைச் சத்தம்போலக் கேட்ட இரைச்சல் அதனால்தான் அடங்கியது. (அமுக்குகிற விதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் ஒரு கம்பெனி மைக்கையும் இன்னொரு கம்பெனி ரிசீவரையும் ஜோடி சேர்க்காதீர்கள். அலைவரிசை பொருந்தினாலும் குரல் பொருந்தாது.)

நம் பக்கம் 1990-களில்தான் கார்ட்லெஸ் எட்டிப் பார்த்தது. மதுரை மாவட்டத்திலிருந்து நாம் தேனி மாவட்டமாகப் பிரிந்தது 1996-இல். அதையொட்டி நடந்த விழாக்கள் சிலவற்றில் தலைவர்கள் வயர் இல்லாத மைக்கோடு மேடையில் நடந்ததைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு மலிவுச் சரக்கு வந்தது. எஃப்.எம். ரேடியோ அலைவரிசையிலேயே, அதாவது 88-க்கும் 108-க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸில், வேலை செய்கிற விளையாட்டுச் சாமான்கள். மற்ற ஊரில் எப்படியோ, நம் பள்ளத்தாக்கில் அது எடுபடாது. தலைக்கு மேலே கொடைக்கானல் மலையில் கோடைப் பண்பலை 100.5-இல் ஒலிபரப்புகிறது. ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து வருகிற அலைக்கு எதிரே பென்சில் செல் போட்ட மைக் என்ன செய்யும்? ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவர் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருக்கும்போது, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் ஸ்பீக்கரில் நேயர் விருப்பம் வந்துவிட்டது. பெரியவர் நல்ல மனிதர். "இதுவும் வாழ்த்துதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தபின் இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விடிய விடியக் கச்சேரி என்பது போய், ஏழு மணிக்கு ஏறி பத்து மணிக்குள் இறங்க வேண்டும் என்றாகிவிட்டது. வயர் பழுது பார்க்க அரை மணி நேரம் எடுத்தால் கச்சேரியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். இன்றைய குழுக்கள் கார்ட்லெஸ் கேட்பதில் இந்த நியாயமும் இருக்கிறது.

எதை வாங்குவது

இனி தம்பி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

மலிவு எஃப்.எம். ரகத்தை மேலே சொன்ன காரணத்துக்காகத் தள்ளிவிட்டேன். அடுத்து வி.எச்.எஃப். எனப்படும் ரகம். விலை குறைவுதான், குரலும் மோசமில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் பூட்டி வைத்திருப்பார்கள். நம் குழு மேடையேறும் ஊரில் இன்னொரு செட்டுக்காரர் அதே அலைவரிசையில் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து கத்தும். மாற்றிக்கொள்ள வழியில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்திலே எத்தனை மேடை இருக்கும் என்று நமக்குத் தெரியாததா?

இப்போது பிள்ளைகள் ஆசைப்படுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் ரகம். உரிமம் தேவையில்லாத அலைவரிசை, குரல் கண்ணாடிபோல் இருக்கும், கைக்கு அடக்கம். கல்லூரி அரங்கத்துக்கு இது போதும் என்பதே என் கருத்து. ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அதே சந்தில்தான் ஓடுகின்றன. இரண்டாயிரம் பேர் ஆளுக்கொரு செல்போனோடு நிற்கிற திடலில் அது திணறும். அந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். தண்ணீர் நிறைந்த மனித உடம்பு அதை நன்றாக விழுங்கிவிடும். பாடகர் ரிசீவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாலே குரல் அறுபடலாம்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்தது யு.எச்.எஃப். ரகம், அதிலும் அலைவரிசையை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளது, ரிசீவரில் இரண்டு ஆன்டெனா உள்ளது. இரண்டு ஆன்டெனா அழகுக்காக இல்லை. மைக்கிலிருந்து அலை நேராகவும் வரும், தகரக் கூரையில் மோதித் திரும்பியும் வரும். இரண்டும் எதிரும் புதிருமாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், அந்த இடத்தில் குரல் செத்துப்போகும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். ஒரு ஆன்டெனா இருக்கும் இடத்தில் செத்த அலை, ஒரு சாண் தள்ளி உள்ள இன்னொன்றில் உயிரோடு இருக்கும். எது நன்றாகக் கேட்கிறதோ அதை ரிசீவரே எடுத்துக்கொள்ளும்.

யு.எச்.எஃப். என்றாலும் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தொடாதீர்கள். 2022 ஏலத்தில் அந்த வட்டாரம் ஐந்தாம் தலைமுறைச் செல்போனுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 2010-லேயே அந்தப் பகுதியை மைக்குகளுக்குத் தடை செய்தார்கள், 2020-இல் 600-இன் பெரும்பகுதியும் போயிற்று. அங்கே விற்க முடியாத பழைய சரக்கு சல்லிசாகச் சுற்றுகிறது, விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அலைவரிசை என்பது அரசாங்கத்தின் சொத்து. நம் நாட்டு ஒப்புதல் உள்ள மாடல்தானா, அந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

பிற்பாடு மூன்றாவது மைக் சேர்த்தால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். 610, 611, 612 என்று சம இடைவெளியில் வைக்கக் கூடாது. முதல் இரண்டும் கலந்து, 611-இன் இரு மடங்கிலிருந்து 610 போக 612 என்று ஒரு பேய் அலையைத் தாமே உண்டாக்கி மூன்றாவதை அடிக்கும். கம்பெனிக்காரர்களே சேர்ந்து வேலை செய்யும் அலைவரிசைகளைத் தொகுதியாகப் போட்டிருப்பார்கள், அதிலிருந்து எடுங்கள்.

ரிசீவரைக் கூட்டத்துக்கு நடுவிலிருக்கும் மிக்சர் மேசையில் வைப்பது வீண். மேடை ஓரத்தில், ஆள் உயரத்துக்குமேல், பாடகரை நேராகப் பார்க்கிற மாதிரி வைத்து, அங்கிருந்து மிக்சருக்கு வயர் இழுங்கள். எல்.இ.டி. திரைக்கு ஒட்டி வைக்காதீர்கள். பாட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கச்சேரிக்குக் கச்சேரி புது செல். பழையதை வீட்டுக் கடிகாரத்தில் போட்டுக்கொள்ளலாம். மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்கிற நாகரிகம் ஒன்று வந்திருக்கிறது. பின்பக்கத்துச் சத்தத்தைத் தள்ளுவதற்காக அந்த மைக்கில் செய்து வைத்த ஏற்பாட்டையே அது அடைத்துவிடும், உடனே கூவத் தொடங்கும். நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிற தம்பிக்கும் மெல்லப் பாடுகிற தங்கைக்கும் மைக்கில் உள்ள கெயினை வேறு வேறாக வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பையில் ஒரு வயர் மைக் எப்போதும் இருக்கட்டும். 1966-இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 மாதிரி ஒன்று போதும். அது எந்த அலைவரிசை ஏலத்துக்கும் பயப்படாது. அப்புறம், எர்த். பாடகர் கையில் வயர் இல்லை என்பதால் அவருக்கு ஆபத்து இல்லை. கிதார்க்காரரும் கீபோர்டுக்காரரும் இன்னும் வயரில்தான் இருக்கிறார்கள். மேடைக்குப் போனதும் முதல் வேலை பிளக் பாயின்ட்டை டெஸ்டர் வைத்துப் பார்ப்பது, எர்த்தை உறுதி செய்வது. தீக்குச்சி கையில் எடுப்பவனைக் குழுவிலிருந்தே நீக்குங்கள்.

போன மாதம் செட் வந்து சேர்ந்தது. கல்லூரி அரங்கத்தில் சோதித்துப் பார்க்கப் போனபோது அவனையும் வரச் சொல்லியிருந்தேன். தலையெல்லாம் நரைத்துப் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். மேடைக்கு ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். பிள்ளைகள் ரிசீவரை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இத்தனை வருஷமாக வாய் வராத விஷயத்தைச் சொன்னேன்.

"மாப்ள, அன்னைக்கு அந்தப் பச்சை வயரை வெட்டுனது நான்தான்டா."

அவன் மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தெரியும்டா. அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல உங்க மாமன்கிட்ட நீ அழுதுக்கிட்டுச் சொன்னத நான் படுத்துக்கிட்டே கேட்டேன். அதுக்கு இப்ப என்ன? பாட்டப் போடச் சொல்லு."

பிறகு தானாகவே எழுந்து மேடையேறினான். ஒரு மாணவி மைக்கை நீட்டினாள். அவன் வாங்காமல் சட்டைப்பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து உதறினான்.

"தாத்தா, இதுல வயரே இல்ல. ஷாக் அடிக்காது" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும் தாயி" என்று சொல்லி, கர்ச்சீப்பை மைக்கின் மேல் நான்கு சுற்றுச் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டான். துணி சுற்றினால் குரலின் மேல்பகுதி மங்கும். நான் போய் மிக்சரில் டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன்.